அப்பாவை ரீஹேப்பில் விடலாமா, வீட்டுக்கே அழைத்து வரலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. மூன்று வாரத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் சரியாக வரவில்லை. நடக்கவும் பேசவும் திரும்பப் பழக்குகிற ரீஹேப் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். "பெற்ற அப்பாவை யாரிடமோ தள்ளிவிடப் போகிறாயா, வீட்டில் வைத்து எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம்" என்கிறார்கள் அக்காவும் பெரியம்மாவும். என்ன செய்வது டாக்டர்? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தம்பி, சேர்த்துவிடுங்கள். உடம்பு நிலையாகிவிட்டது என்று டாக்டர்களே சொல்லி, இடமும் கிடைக்கிறது என்றால் காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் அனுப்பலாம் என்பார்கள். படுத்தே கிடந்தால் தெம்பு எங்கிருந்து வரும்? இருக்கிற தசையும் கரைந்துதான் போகும். ஸ்ட்ரோக்கில் செத்துப்போன மூளைப் பகுதி திரும்ப வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையில் கொஞ்சத்தையாவது ஏற்றுக்கொள்ள முடியும், அப்படி மூளை மாறிக்கொள்கிற வேகம் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். ஒரு வருஷம் கழித்தும் முன்னேறுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள்.

வீட்டுக்கு பிசியோ வந்தால் போதாதா என்று அக்கா கேட்பார். பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஸ்ட்ரோக் வந்தவருக்குத் தேவையும் தாங்கும் சக்தியும் இருந்தால் நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் 5 நாளாவது சிகிச்சை தரச் சொல்கிறது. வாரத்தில் இரண்டு தரம் அரை மணி நேரம் வந்து போகிறவரால் அதைக் கொடுக்க முடியாது. அதற்காக எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஸ்ட்ரோக் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்று மோசமாகத்தான் தேறினார்கள். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது, அதனால் இப்போது தயங்க வேண்டாம்.

ஆனால் மணிக்கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வீட்டில் நாம் பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவோம். சோறு ஊட்டுவோம், சட்டை மாட்டுவோம், அவர் கண்ணால் ஜாடை காட்டினால் தண்ணீர் கையில் இருக்கும். ரீஹேப்பில் நர்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு அவரையே முகம் கழுவ வைப்பார், சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம் ஆனாலும் விட்டுப் பிடிப்பார். பார்க்கிற நமக்கு மனசு கேட்காது, ஏன் இப்படிக் கஷ்டப்படுத்துகிறார்கள் என்று தோன்றும். அந்தக் கஷ்டம்தான் சிகிச்சை. நீங்கள் போய்ப் பார்க்கிற நேரத்தில் தயவுசெய்து அந்தப் பொத்தானைப் போட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் விஷயம். லேசாகத் தடவுவதில் தப்பில்லை, அவருக்கும் இதமாக இருக்கும். ஆனால் செயலிழந்த காலில் ரத்தம் உறைந்து கட்டி இருக்கலாம், அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். கெண்டைக்கால் வீங்கினாலோ வலித்தாலோ தொடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ அவரைத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். எப்படி எழுப்புவது என்று பிசியோவிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அம்மா டீயும் சூப்பும் பிளாஸ்கில் கொண்டு போக ஆசைப்படுவார், தெரியும். ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்குவதைச் சோதித்து, எது எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்கிற வரைக்கும் ஒரு வாய்கூட வேண்டாம். தண்ணீர் மாதிரி இருப்பதுதான் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும், சில பேருக்கு இருமல்கூட வராது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி பேச்சிழப்பில் பல பேருக்குப் புரிவது பேசுவதைவிட நன்றாக இருக்கும், அதனால் அவர் எதிரில் அவரைப் பற்றிப் பேசாதீர்கள், "நான் யார் சொல்லுங்கள்" என்று பரீட்சையும் வைக்காதீர்கள். ஒரு வாக்கியம் வராதவருக்குச் சிறுவயசில் பாடிய தேவாரம் தடையில்லாமல் வருவதுண்டு, ஒன்று இரண்டு எண்ணவும் வரும். கோயிலில் பாடுகிறவராக இருந்தால் கூடவே பாடுங்கள். நம் ஊர் தெரபிஸ்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது ஜூலுவில்தான் பேசுவார்கள், அவர் வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பயிற்சிக்கு வேண்டிய தமிழ்ச் சொற்களை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

திடீர் திடீரென்று அழுவார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்ட், அதாவது மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டம், இருந்தால் முன் அனுமதி வாங்கவேண்டும். பல திட்டங்கள் மொத்தமாகத் தராமல் முன்னேற்றத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நாட்களை நீட்டும், அதனால் திட்டத்தில் உங்கள் அப்பாவின் விவரத்தைக் கவனிக்கிற கேஸ் மேனேஜரின் பெயரையும் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், திட்டத்திலேயே தீராவிட்டால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கிற கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார் கொடுக்கலாம். மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கரை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே பாருங்கள், அங்கே படுக்கைகள் குறைவு, கேட்டு வைக்கிறவருக்குத்தான் கிடைக்கும். அவருக்கு இன்னும் 60 ஆகாததால் வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாசாவில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருமானம் சொத்தெல்லாம் பார்ப்பார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் அறுபதுகளில் கட்டிய அந்தச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் படுக்கையறை மேலே, படி குறுகல், வாசலிலும் மேடு. உங்களுடையதும் அப்படியென்றால் அவர் வருவதற்கு முன் கீழே ஒரு கட்டில் போட இடம் ஒதுக்கவேண்டும், கழிவறையில் பிடி வைக்கவேண்டும். வீட்டின் படம், படியின் உயரம், கதவின் அகலம் எல்லாம் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் இப்போதே கொடுங்கள், கடைசி வாரத்தில் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. முடியுமானால் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு சனி ஞாயிறு அழைத்துப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள், எங்கே தடுமாறுகிறார் என்று அப்போது தெரிந்துவிடும்.

அக்காவையும் பெரியம்மாவையும் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள், குடும்பத்தார் பார்க்கலாமா என்று முதலில் கேட்டுவிட்டு. அப்பாவைத் தள்ளிவிடவில்லை என்று நீங்கள் வாதாடவேண்டிய தேவை இருக்காது, அவர் எழுந்து நிற்க முயல்வதை அவர்களே பார்ப்பார்கள்.