சாவி கொடுக்கும் கேமராவில் டைம்லாப்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய போலெக்ஸ் எச்16 (சாவி கொடுத்தால் ஸ்பிரிங்கில் ஓடும் 16 மி.மீ பிலிம் சினிமா கேமரா) பார்த்தேன். கடைக்காரர் சாவி கொடுத்து, "நல்லா ஓடுது சார், சத்தத்தைக் கேளுங்க" என்று காட்டினார். கடற்கரைச் சாலையில் சூரியன் எழுவதை டைம்லாப்ஸ் (மெதுவாக நடப்பதை இடைவெளி விட்டுப் படம் படமாக எடுத்து, வேகமாக ஓட்டிக் காட்டுவது) எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வாங்கலாமா? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஸ்பிரிங் ஓடினால் உள்ளே பிலிமும் ஒழுங்காக நகரும் என்று அர்த்தமில்லை. உங்கள் வேலைக்குக் கேமரா தொடர்ந்து ஓடுவதைவிட, ஒரு அழுத்துக்கு ஒரே ஒரு ஃப்ரேம் (பிலிமில் ஒரு படம்) எடுத்துவிட்டுச் சரியாக நிற்பதுதான் முக்கியம். டைம்லாப்ஸ் முழுக்க அந்த ஒற்றை ஃப்ரேமை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் கடையிலேயே லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருக்கும் ஒற்றை ஃப்ரேம் விசையை அழுத்திக்கொண்டே முன்பக்கத் துளை வழியாக, பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்துக்குப் பிறகும் ஷட்டர் மூடிய நிலையில் வந்து நிற்க வேண்டும். நூறு தடவையாவது அழுத்துங்கள், வெட்கப்படாதீர்கள். ஒன்றிரண்டு தடவை பாதி திறந்து நின்றால்கூட அந்தக் கேமரா டைம்லாப்ஸுக்கு ஆகாது. அடுத்த அழுத்து வரைக்கும் வெளிச்சம் அந்த ஒரு ஃப்ரேமிலேயே விழுந்துகொண்டிருக்கும்.

அப்புறம் கதவைத் திறந்து பிலிமை இழுக்கும் பல்சக்கரங்களைப் பாருங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். போலெக்ஸ் எச்16 1935-லிருந்து விற்பனையில் இருந்த கேமரா. ஆரம்பகால எச்16-களில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல் இருக்கும். அவை இரு ஓரத்திலும் துளையிட்ட 16 மி.மீ பிலிமுக்காகச் செய்தவை. இன்று புதிதாகக் கிடைக்கும் 16 மி.மீ பிலிமில் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் துளை இருக்கும். அதை இரட்டைப் பல் சக்கரத்தில் மாட்டினால் துளையில்லாத ஓரத்தைப் பல் கடித்துக் கிழித்துவிடும். கேமரா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

ஸ்பிரிங்கைச் சோதிக்க, முழுசாகச் சாவி கொடுத்து, வேகத்தை வினாடிக்கு 24 ஃப்ரேமில் வைத்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். நல்ல எச்16 சுமார் 28 வினாடி ஓடும். நேரத்தைவிட ஒலியைக் கவனியுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சுருதியில் இருக்க வேண்டும். நடுவில் இழுத்தால் உள்ளே கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். அதைத் துடைத்து எண்ணெயிட்டுத் தரும் ஆள் யார் என்று தெரியாமல், "சர்வீஸ் பண்ணிக்கலாம்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். ஸ்பிரிங் பெட்டியை நீங்களே திறக்கவும் வேண்டாம். சுருட்டி வைத்த எஃகுப் பட்டை விரலை வெட்டிவிடும்.

கடைசியாக லென்ஸ். டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருப்பது சகஜம். எச்16-க்குச் சி-மவுண்ட் என்ற திருகி மாட்டும் வகை லென்ஸ் பொருந்தும், தனியாகக் கிடைக்கும். அதனால் லென்ஸ் மோசமாக இருந்தாலும் உடம்பு நன்றாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உடம்பு மோசமாக இருந்தால், எவ்வளவு நல்ல லென்ஸ் மாட்டியிருந்தாலும் டைம்லாப்ஸுக்கு அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்க முடிகிற ரிஃப்ளெக்ஸ் மாடலுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். அது இல்லாமல் முடியாதா? க்ராஸ்னோகோர்ஸ்க்-3 எப்படி? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: முடியும். டைம்லாப்ஸுக்கு மட்டும்தான் என்றால் சாதா மாடலையே எடுங்கள் என்பேன்.

ரிஃப்ளெக்ஸ் போலெக்ஸில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம் இருக்கிறது. அது வரும் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்கைக் கண் பார்க்கும் துளைக்குத் திருப்பிவிடும். பிலிமுக்கு அவ்வளவு குறையும். போதாததற்கு, நீங்கள் கண்ணை எடுத்த பிறகு அதே துளை வழியாக வெளிச்சம் உள்ளே நுழைந்து பிலிமை மங்கலாக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடையே காத்திருக்கிற வேலையில் இது பெரிய தொல்லை. ரிஃப்ளெக்ஸ் வாங்கினால் அந்தத் துளையைக் கறுப்புத் துணியால் மூடியே வையுங்கள்.

நீங்கள் எடுக்கப்போவது துறைமுகப் படகுகள், தேவனாம்பட்டினம் கடல், வடகிழக்குப் பருவத்தில் திரண்டு வரும் மேகம். எல்லாம் தூரத்தில் இருப்பவை. பக்கவாட்டு வியூஃபைண்டரில் பார்ப்பதற்கும் லென்ஸ் பார்ப்பதற்கும் அந்தத் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. பூ விரிவதை அருகில் வைத்து எடுக்க வேண்டுமானால் மட்டும் ரிஃப்ளெக்ஸுக்குச் செலவு செய்யுங்கள்.

சோவியத் தயாரிப்பான க்ராஸ்னோகோர்ஸ்க்-3 பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் பட்டகத்துக்குப் பதில் ஷட்டரே கண்ணாடியாக இருக்கிறது, ஜூம் லென்ஸும் கூடவே வரும். ஆனால் பிலிமைத் தானாக வளைத்து மாட்டிவிடும் உறுப்பு பல கேமராக்களில் பிலிமைக் கீறும். ஒரு துண்டு வீண் பிலிமை ஓட்டி, கீறல் விழுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: மோட்டார் எதுவும் இல்லாமல் கையாலேயே டைம்லாப்ஸ் எடுக்க முடியுமா? எத்தனை தடவை அழுத்த வேண்டியிருக்கும்? (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: முடியும், நான் அப்படித்தான் எடுக்கிறேன். கணக்கு எளிது. திரையில் 24 ஃப்ரேம் ஓடினால் ஒரு வினாடி. 5 வினாடிக்கு ஒரு ஃப்ரேம் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் 720 ஃப்ரேம், அதாவது அரை நிமிடக் காட்சி. 10 வினாடிக்கு ஒன்று என்றால் 360, கால் நிமிடம். காற்றில் ஓடும் மேகத்துக்கு 5 வினாடியே அதிகம், 2 அல்லது 3 வையுங்கள். வெயிலில் நகரும் நிழலுக்கு 20 வினாடி போதும்.

விரலால் விசையை அழுத்தாதீர்கள், கேமரா ஆடிவிடும். கேமராவைத் தொடாமல் விசையை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் ஒன்று வாங்குங்கள். கேமராவை விட்டால் முதலில் காசு போட வேண்டியது கனமான ட்ரைபாடில். கடற்கரைக் காற்றுக்கு லேசான ட்ரைபாட் தாங்காது. நடுக்கம்பில் மணல் பையைத் தொங்கவிடுங்கள்.

ஸ்பிரிங் தீரும்வரை விட்டுவிடாதீர்கள். ஒரு முழுச் சாவிக்கு அறுநூற்றுச் சொச்சம் ஃப்ரேம்தான் வரும், கடைசியில் விசை தளர்ந்தால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறிப் படம் துடிக்கும். நூறு ஃப்ரேமுக்கு ஒரு தடவை, இரண்டு அழுத்துக்கு நடுவே, ட்ரைபாட் அசையாமல் மெதுவாகச் சாவி கொடுங்கள். அசைந்துவிட்டால் படத்தில் ஒரு குதிப்பு நிச்சயம்.

ஒற்றை ஃப்ரேமில் ஷட்டர் நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறது. அதனால் 24 வேகத்தில் ஓடும்போது விழுவதைவிடக் கூடுதலாக வெளிச்சம் விழும். எவ்வளவு கூடுதல் என்பது மாடலுக்கு மாடல் மாறும். முதல் ரோலில் சில அடிகளை லென்ஸின் வெவ்வேறு துளை அளவில் (அப்பெர்ச்சர்) எடுத்து, எந்த அளவு சரி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சத் தூண்களுக்குப் பின்னால் விடிந்த ஒரு காலையை வெளுத்துப்போக விட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

உதயத்துக்கு நடுவில் துளை அளவை மாற்றாதீர்கள், மாற்றிய இடம் வெட்டியதுபோலத் தெரியும். சூரியன் வந்து பத்து நிமிடம் கழித்து இருக்கும் வெளிச்சத்துக்கு அளவை வைத்துவிட்டு, இருட்டிலிருந்தே தொடங்குங்கள். கறுப்பிலிருந்து கடல் மெல்ல எழுந்து வருவது அழகாகவே இருக்கும். வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கேள்வி: பிலிம், லேப் செலவு தாங்குமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: கேமராவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரிக்க வேண்டும். 16 மி.மீ பிலிம் 100 அடிச் சுருளாக வருகிறது. அடிக்கு 40 ஃப்ரேம், மொத்தம் 4,000. சாதாரணமாக ஓட்டினால் 2 நிமிடம் 46 வினாடியில் தீர்ந்துபோகும். டைம்லாப்ஸில் அதே சுருள் ஐந்து விடியற்காலைக்கு வரும். சாவி கேமராவில் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

பிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கட்டணம், போக வரக் கூரியர் என நான்கையும் கூட்டி 4,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஃப்ரேம் என்ன விலை என்று தெரிந்துவிடும். சினிமா டிஜிட்டலுக்கு மாறிய பிறகு பிலிம் கழுவும் லேப்கள் மிகவும் குறைந்துவிட்டன. எந்த லேப், எந்தப் பிலிமை, 100 அடிச் சின்னச் சுருளாக ஏற்குமா என்று போன் செய்து உறுதி செய்யுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் கோடக் ட்ரை-எக்ஸ் பிலிமை வீட்டிலேயே தொட்டியில் கழுவலாம், நெகட்டிவாகவும் வரும். கழுவாத பிலிமை விமானத்தில் எடுத்துப்போனால் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்களில் போடவிடாமல் கையால் சோதிக்கக் கேளுங்கள், அந்தக் கதிர் பிலிமைக் கெடுக்கும்.

கேள்வி: தாத்தா வீட்டுப் பெட்டியில் பாதே என்று பெயர் பொறித்த பிரெஞ்சுக் கேமரா ஒன்று இருக்கிறது. இதில் எடுக்கலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: முதலில் பிலிம் ஓடும் பாதையைத் திறந்து பாருங்கள். பாதே நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த 9.5 மி.மீ பிலிமில் துளை ஓரத்தில் இருக்காது, ஃப்ரேம்களுக்கு நடுவில் இருக்கும். அந்த வகை என்றால் பிலிம் கிடைப்பது மிகக் கடினம், தாத்தாவின் நினைவாகத் துடைத்து வையுங்கள். பாதேயின் வெபோ என்ற மாடல் 16 மி.மீ-யிலும் வந்தது. அதுவாக இருந்தால் அதிர்ஷ்டம், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "நன்றாக வேலை செய்கிறது" என்று போட்டிருந்த சாவி கேமரா வாங்கினேன். வந்ததிலிருந்து சாவியே திரும்பவில்லை. "பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். கடலூரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: நிறைய செய்யலாம். பழைய பொருள் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. என்ன சொல்லி விற்றார் என்பதுதான் கேள்வி. "ஓடாது, அலங்காரத்துக்கு மட்டும்" என்று போட்டு விற்றிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். "வேலை செய்கிறது" என்று போட்டிருந்தால் அந்த வார்த்தைக்கு அவர் பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம்.

இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அது இருக்காது. சாவி திரும்பாததை வீடியோ எடுங்கள். பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள், நீங்கள்தான் உடைத்தீர்கள் என்பார். எழுத்தில் பணம் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மேலே போக, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

விற்றவர் வியாபாரி இல்லை, வீட்டில் கிடந்ததை ஒரு தடவை விற்ற தனி ஆள் என்றால் இந்த வழி எளிதில் கைகொடுக்காது. அப்படிப்பட்டவர்களிடம் வாங்கும்போது வீடியோ அழைப்பில் சாவி கொடுத்து, லென்ஸைக் கழற்றி, ஒற்றை ஃப்ரேம் விசையை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை அதற்குப் பிறகு அனுப்புங்கள்.