நாலு சக்கர இழுவை உள்ள சின்ன எஸ்யூவி: பெட்ரோல் எவ்வளவு, மற்ற செலவு எவ்வளவு? (கேள்வி பதில்)

டர்பன் பக்கம் வண்டி வேலை பார்க்கிறவன் நான். சின்ன எஸ்யூவி வாங்கப் போகிறவர்களும் ஏற்கனவே வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் பெட்ரோலைப் பற்றியே கேட்கிறீர்கள். நாலு சக்கர இழுவையில் பணம் அதிகம் போகிற இடம் டயர்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: ஒரே மாடலில் முன்சக்கர இழுவை ஒன்று, நாலு சக்கர இழுவை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டாவது பெட்ரோலை ரொம்பக் குடிக்குமா?

ரொம்ப இல்லை, அக்கா. பின்சக்கரங்களுக்கு ஒரு நீளமான ஷாஃப்ட், பின்னால் ஒரு டிஃப் (சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் பெட்டி), அதற்குள் எண்ணெய் என்று எடை கொஞ்சம் கூடும். சுழல்கிற பாகமும் கூடும். ரோட்டில் பின்சக்கரம் இழுக்காத நேரத்திலும் பெரும்பாலான வண்டிகளில் அந்த ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், ஒரு லிட்டர் கணக்கில் 150 லிட்டர். லிட்டர் 22 ராண்ட் என்று போட்டால் 3,300 ராண்ட், அதாவது மாதம் 275 ராண்ட்.

அந்தப் பணம் பெரிது இல்லை. ஆனால் வாங்கும்போதே இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பாருங்கள்; பல ஆண்டுப் பெட்ரோல் வித்தியாசத்தை அது ஒரே நாளில் விழுங்கிவிடும். நீங்கள் ஓட்டுவது முழுக்க தார் ரோடு. மழையில் பாதுகாப்பு என்று விற்பனைக்காரர் சொல்லியிருப்பார். வண்டி கிளம்பும்போதும் ஏற்றத்திலும் வழுக்காமல் இழுக்க அது உதவும், உண்மைதான். பிரேக் போடும்போது உதவாது. ஈர ரோட்டில் ரோபோ (சிக்னல் விளக்கு) சிவப்பில் நிற்க வேண்டுமென்றால், நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான். முன்சக்கர இழுவையையே வாங்குங்கள். மிச்சத்தில் நல்ல டயர் போடுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: சுசூகி ஜிம்னி மேனுவல். கம்பெனிக் கணக்கு 100 கிலோமீட்டருக்கு 6.3 லிட்டர் என்கிறது, எனக்கு 8 வருகிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு, தம்பி. கம்பெனி எண் ஆய்வுக்கூடத்தில், அளவான வேகத்தில், ஏசி போடாமல் எடுத்தது. ஜிம்னி பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற வண்டி. வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-லிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. ஹைவேயில் 120-க்குப் பதிலாக 100-105-இல் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள், அந்த வித்தியாசம் கையில் தெரியும். கூரையில் ரேக் இருந்தால் தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

அளப்பதையும் சரியாகச் செய்யுங்கள். டிஸ்ப்ளே காட்டுகிற எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். டேங்க் நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை அதே பம்பில், முதல் கிளிக்கில் நிறுத்தச் சொல்லுங்கள். போட்ட லிட்டரை 100-ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள். ஜிம்னி டேங்க் 40 லிட்டர்தான், ஒரு தடவைக் கணக்கில் பிழை பெரிதாகத் தெரியும். மூன்று நான்கு தடவை சேர்த்துச் சராசரி எடுங்கள்.

அப்புறம், 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் கியர் நிலை) போட்டு தார் ரோட்டில் ஓட்டுகிறீர்களா? ஜிம்னியில் நடு டிஃப் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் போக வேண்டும்; அதற்கு வழியில்லாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். பெட்ரோலும் போகும், கியரும் தேயும். மண், மணல், சேறு இருந்தால் மட்டும் போடுங்கள்.

டொங்காட்டில் கரும்புத் தோட்டப் பக்கம் இருக்கும் ஓர் ஐயா: கல் குத்தி ஒரு டயர் கிழிந்துவிட்டது. சுபாரு வண்டி. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்றை மட்டும் புதிதாகப் போடலாமா?

போடாதீர்கள், ஐயா. இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி, ஏனென்றால் பலபேர் பணத்தை இழப்பது இங்கேதான்.

சுபாருவில் நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே இழுக்கும். டயர் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறையும். புது டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர் ஆழம், பழையது 4 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் வித்தியாசம். சின்ன டயர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும், கிலோமீட்டர் கிலோமீட்டராக. அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கிற கிளட்ச்சும் டிஃப்பும் ஓயாமல் தாங்கிச் சூடாகும். சுபாரு தன் வண்டிகளுக்குச் சுற்றளவில் சுமார் 6 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் அனுமதிக்கிறது. அதாவது தேய்மானத்தில் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவே.

வழி இரண்டு. மற்ற மூன்றும் இன்னும் நிறைய ஓடும் என்றால், அதே பிராண்ட், அதே அளவு, அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்று தேடுங்கள். வெடிப்பு இல்லையா, தயாரித்த வாரமும் வருடமும் என்ன என்று பக்கவாட்டில் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் நான்கையும் மாற்ற வேண்டியதுதான். பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் ஆகும் வரை சட்டம் விடுகிறது, ஆனால் மழைக்கு அது போதாது. பாதி தேய்ந்ததையும் வீணாக்க வேண்டாம், முன்சக்கர இழுவைக் கார் வைத்திருக்கும் யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

இனிமேல் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னுக்கு மாற்றுங்கள். ஸ்பேரும் அதே அளவா என்று பாருங்கள். வண்டி நின்றுவிட்டால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போக விடாதீர்கள். படுக்கைத் தட்டு லாரிதான் வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு குடும்பம்: ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு எஸ்யூவியில் வருகிறோம். பெட்ரோல் எப்படிக் கணக்குப் போடுவது? ஆக்டேன் 93 பெட்ரோலா, 95-ஆ?

ஒரு வழி மட்டும் அளந்தால் தவறான எண் கிடைக்கும். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் மேலே. வரும்போது மொத்தத்தில் இறக்கம், போகும்போது ஏற்றம். 1,500 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதனால் போக, வர இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

உயரத்தில் காற்று மெல்லியது. டர்போ இல்லாத எஞ்சின் உங்கள் ஊரில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அதனால்தான் அங்கே 93 போதும் என்கிறார்கள். டர்போ வண்டி என்றால் கையேடு சொல்வதைப் போடுங்கள். அங்கே 93 போட்டுப் பழகியவர்களும் டர்பனில் 95 போட்டுக்கொள்வது நல்லது.

திரும்புமுன் டேங்கை இங்கேயே நிரப்புங்கள். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோகிற செலவு சேர்வதால் உங்கள் பக்கம் லிட்டருக்கு ஏறத்தாழ 80 சென்ட் கூடுதல். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க்-டர்பன் நெடுஞ்சாலையான என்3-இல் டோல் ஐந்து: டி ஹூக், வில்கே, துகேலா, மூய் ரிவர், மரியன்ஹில். நாலு சக்கர இழுவைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: டீசல் வாங்கலாமா?

தினமும் நீண்ட தூரம் என்றால் வாங்கலாம். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் வேண்டாம். புகை வடிகட்டியில் சேர்கிற கரியை எரிக்க எஞ்சின் சூடாக நீண்ட நேரம் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் அடைத்துக்கொள்ளும், மாற்றுகிற செலவு தாங்காது. கந்தகம் குறைந்த டீசல்தான் போட வேண்டும். டீசலின் சில்லறை விலையை அரசு நிர்ணயிப்பதில்லை, பம்புக்குப் பம்பு மாறும், விசாரித்துப் போடுங்கள்.

ஈக்கோ பொத்தான் அழுத்தினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

கொஞ்சம். ஆக்ஸிலேட்டரை மந்தமாக்கும், ஏசியைச் சற்றே குறைக்கும். காலை மெதுவாக வைத்து, டயரில் கதவோரம் எழுதிய அளவு காற்று வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

உம்கோமாஸிலிருந்து ஒரு தம்பி: வருடத்துக்கு ஒருமுறை சானி பாஸ் (லெசோத்தோ எல்லைக்கு ஏறும் மலைப்பாதை) ஏற ஆசை. அதற்காகவே ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கர இழுவை) வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. அந்தப் பாதையில் ஃபோர் பை ஃபோர் இல்லாமல் விடமாட்டார்கள் என்பது சரி. உச்சி 2,800 மீட்டருக்கு மேல். ஆனால் ஹிமெவில், அண்டர்பர்க் பக்கத்திலிருந்து ஓட்டுநரோடு சுற்றுலா வண்டிகள் போகின்றன. வருடம் ஒருமுறை அதில் குடும்பத்தோடு போங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். மீதி நாட்களுக்கு முன்சக்கர இழுவைக் கார் போதும்.