சங்கீதம் 46-ல் எங்கே அமைதி?

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம். செந்தூல் ஃபிளாட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். காலை 6.30-க்கு எல்ஆர்டி பிடிக்கவேண்டும். ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஓடுகிறது. “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற வசனத்தை (வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம், 46:10) பார்த்தாலே குற்ற உணர்வு. காதில் ஆராதனை இசை போட்டுக்கொள்ளலாமா? கிறிஸ்தவர்கள் தியானம் செய்யலாமா? கேமரன் மலையில் ஒரு தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புத் தங்கைக்கு,

தியானத்தைப் பற்றிய கேள்விக்கு முதல் சங்கீதம் 2-ஆம் வசனமே போதும்: இரவும் பகலும் கர்த்தருடைய வேதத்தில் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான். முகாமுக்குப் போய்வாருங்கள், நல்லதுதான். திரும்பியதும் அதே 6.30 ரயில்.

அந்தக் குற்ற உணர்வுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 46-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்தீர்களா? 11 வசனந்தானே! மலைகள் கடலில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. அதற்கடுத்த வரிதான் “அமர்ந்திருந்து”. போர்க்களத்து நடுவில் சொன்ன சொல் அது. மூலமொழியான எபிரெயத்தில் அது ‘ரஃபா’: தளரவிடு, பிடித்திருப்பதை விடு. (பழந்தமிழில் ‘அமர்’ என்பதற்குப் போர் என்றும் பொருள் உண்டு.) நாம் அந்த ஒரு வரியைப் பிய்த்து, பூப்படத்தின்மேல் ஒட்டி, வாட்சாப்பில் அனுப்பி, அமைதியான அறை உள்ளவர்களுக்கே உரியதாக ஆக்கிவிட்டோம். வீடு அடங்கட்டும் என்று காத்திருந்தால், தங்கையே, பிள்ளைகள் கல்யாணமாகிப் போகும்வரை காத்திருப்பீர்கள்.

5.30-க்கு எழுந்து 15 நிமிடம் ஒதுக்குங்கள். கைப்பேசி சமையலறையில் இருக்கட்டும். எழுப்ப ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்குங்கள். வேதத்தையும் கைப்பேசியில் வாசிக்கவேண்டாம். வசனத்துக்கு மேலேயே அலுவலகச் செய்தி வந்து நிற்கும். கட்டிலில் உட்காராதீர்கள், தூங்கிவிடுவீர்கள். முதுகு நிமிரும் நாற்காலி, தரையில் பாதம்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தேவன்முன் சும்மா இருத்தல் என்று நான்கு படி வகுத்தார். பலர் முதல் படியிலேயே மூன்று அதிகாரம் ஓட்டிவிட்டு, மீதிக்கு நேரமில்லை என்கிறார்கள். நீங்கள் 131-ஆம் சங்கீதத்தை எடுங்கள், மூன்றே வசனம். மெல்ல வாய்விட்டு மூன்று தரம் வாசியுங்கள். இரண்டாம் தரத்தில் எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறதோ, ‘பால்மறந்த குழந்தை’ என்றே வைத்துக்கொள்வோம், அதிலேயே நில்லுங்கள். பிறகு இரண்டு வாக்கியத்தில் ஜெபம். கடைசி ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

அந்த ஐந்தில்தான் கேஸ் தோம்பு தீர்ந்ததும், டியூஷன் கட்டணமும் ஞாபகம் வரும். விரட்டாதீர்கள், விரட்ட விரட்ட வளரும். பக்கத்திலுள்ள தாளில் ‘கேஸ்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு, நிறுத்திய சொல்லுக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது தரம் திரும்பினாலும் அது ஜெபந்தான். ‘ரஃபா’ என்பது அந்த ஒவ்வொரு விடுதலும்தான். ஒரு நாள் தவறினால் மறுநாள் 30 நிமிடமாக்கி ஈடுகட்ட வேண்டாம். அப்படித்தான் இரண்டு வாரத்தில் எல்லாம் நின்றுபோகிறது.

காதில் இசை வேண்டாம். பாட்டின் வரிகள் உங்களுக்கு மனப்பாடம். மனம் சங்கீதத்தை விட்டு அதன் பின்னால் போய்விடும். ரயிலில் கேளுங்கள்.