மூச்சு வாங்கினால் நடக்கக் கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 63. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். முப்பது வருஷம் விறகடுப்பில் வெந்ததில் நுரையீரல் கெட்டு, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்கிறார் டாக்டர். சமையல் இப்போது கேஸில்தான். வெந்நீருக்கு மட்டும் விறகு. நாலு எட்டு வைத்தாலே இளைக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். மகனும் மருமகளும் "பேசாம உட்காருங்கம்மா" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள், அம்மா. பிள்ளைகள் பாசத்தில்தான் தடுக்கிறார்கள். ஆனால் உட்கார உட்காரத் தொடைச் சதை வற்றும். வற்றிய கால் அதே நாலு எட்டுக்கு முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்க வைக்கும். கெட்டுப்போன நுரையீரலை நடை சரிசெய்யாது. கால் பலம் திரும்பும்; இருக்கிற மூச்சைக் கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்.

நீங்கள் இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட அங்கே கிடைக்கும் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மதுரையில் இருக்கும் அக்கா தங்கையோடு உங்களை ஒப்பிட்டு மனசு விட்டுவிடாதீர்கள்.

மலையில் இன்னொரு சங்கடம் உண்டு. கிளம்பும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். அதனால் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டாம். மகனை வண்டியில் ஏரிக்கரையில் கொண்டுவிடச் சொல்லுங்கள். அந்தச் சாலை பெரும்பாலும் சமதளம். முழுச் சுற்று 5 கிலோமீட்டர் வரும், அது உங்களுக்கு இப்போது வேண்டாம். ஐந்து நிமிஷம் போய், ஐந்து நிமிஷம் திரும்புங்கள். முடிந்தால் வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டுங்கள். பனி விலகி வெயில் வந்த பிறகு, மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு போங்கள். குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும். நடக்குமுன் இன்ஹேலர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். இளைக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். கூட வருபவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக அறுந்தால் நின்று, சுவரிலோ மதகிலோ கையூன்றிச் சற்றுக் குனிந்து ஆசுவாசப்படுங்கள்.

மழை நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், ஐந்து முறை போதும். எழும்போது மூச்சை விடுங்கள். கொடியில் துணி காயப்போடுவதை மருமகளிடம் விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் கை தூக்கினால் உங்களுக்குச் சட்டென்று இளைக்கும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதா? பொதுவாக 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் உயரத்துக்கும் உங்கள் நுரையீரலுக்கும் எந்த எண் என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். நெஞ்சு வலி, உதட்டில் நீலம், ஓய்வெடுத்தும் அடங்காத இளைப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. சளி நிறம் மாறி அதிகமானால் அன்று நடையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அந்த வெந்நீர் அடுப்பையும் நிறுத்திவிடுங்கள், அம்மா. முப்பது வருஷம் தின்ற புகை போதும். மகன் நிஜமாக உதவ நினைத்தால், முதலில் ஒரு கீசர் வாங்கி மாட்டட்டும்.