அறுபது பேர், ஒரு மணி நேரம்: தகவல் எழுத்தறிவு வகுப்பை எப்படி நடத்துவது, எப்படி அளப்பது?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். முதுகலை முதலாண்டுத் தமிழ், வரலாறு மாணவர்கள் 60 பேருக்குத் தகவல் எழுத்தறிவு (மூலங்களைத் தேடி, சரிபார்த்து, பயன்படுத்தும் திறன்) வகுப்பெடுக்க ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நூலகத்தைச் சுற்றிக்காட்டி, ஸ்லைடு போட்டு முடிக்கிறோம். அசைன்மென்ட்டில் வரும் துணைநூற்பட்டியல் மட்டும் மாறுவதே இல்லை. இப்போது ஏஐ சொல்லும் இல்லாத நூல்களும் சேர்ந்துகொண்டன. வகுப்பை எப்படி அமைக்கலாம்? அதன் பலனை ஆய்வுக் கட்டுரையாக எழுத என்ன செய்ய வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் சொல்லிவிடப் பார்ப்பதில்தான் இந்த வகுப்புகள் தோற்கின்றன. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏ.சி.ஆர்.எல். 2000இல் திறன்களை வரிசையாக அடுக்கி ஒரு தரப்பட்டியல் வெளியிட்டது. 2016இல் அதை விலக்கிக்கொண்டு, ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறிவிட்டது. நம் அறிமுக வகுப்புகள் பலவும் இன்னும் பழைய பட்டியலைத்தான் ஒப்பிக்கின்றன. அந்த ஆறில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த மூலத்தை நான் ஏன் நம்ப வேண்டும்?

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வகுப்பை வைக்காதீர்கள். அசைன்மென்ட் தலைப்பு கொடுத்தாகிவிட்டது, சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கிறது என்ற நிலையில் வையுங்கள். துறை ஆசிரியரிடம் பேசி, பத்து மதிப்பெண்ணில் இரண்டைத் துணைநூற்பட்டியலுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அது நடக்காவிட்டால் வகுப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பட்டியல் பழையபடிதான் வரும்.

தொடங்கியதும் நான்கு மேற்கோள்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுங்கள். இரண்டு சரியானவை. ஒன்று ஏஐ புனைந்தது. இன்னொன்று உண்மையான நூல்தான், ஆனால் மேற்கோள் சொல்லும் செய்தி அதில் இருக்காது. இருவருக்கு ஒரு போன், 25 நிமிடம்; எது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். முதலில் முழுத் தலைப்பையும் மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேட வேண்டும். அடுத்து டி.ஓ.ஐ. எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) இருந்தால் டி.ஓ.ஐ. தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். பலர் ஏமாறும் இடம் இது: எண் வேலை செய்யும், பக்கமும் திறக்கும், ஆனால் திறப்பது வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. ஏஐ புனையும்போது ஆசிரியர் பெயரும் இதழின் பெயரும் பெரும்பாலும் நிஜமாகவே இருக்கும், தலைப்புதான் பொய். அதனால் இதழின் தளத்துக்கே போய், அந்த ஆண்டு, அந்தத் தொகுதி, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கடைசியாக, அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்த 15 நிமிடம் தமிழில் தேடுவதற்கு. ஆங்கிலப் பாடநூல்களில் இது கிடைக்காது, நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். 'சங்ககாலப் பெண்கள்', 'சங்க காலப் பெண்கள்', 'சங்ககாலப்பெண்கள்' மூன்றும் நமக்கு ஒன்றுதான், தேடுபொறிக்கு அப்படியல்ல. பெயர்களில் இன்னும் சிக்கல்: 'உ.வே.சா.', 'உ. வே. சாமிநாதையர்', 'சாமிநாத ஐயர்', 'சுவாமிநாதையர்' என்று ஒருவரையே பல விதமாகத் தேட வேண்டியிருக்கும். 'ச'வுக்கு ரோமன் எழுத்தில் 'எஸ்' (S) போட்டுத் தேடுபவருக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் 'சி' (C) போட்டுப் பதிவான நூல் கண்ணில் படாமலே போகலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடும்போதும் தமிழ் எழுத்து, ரோமன் எழுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் ஒவ்வொருவரும் தம் தலைப்புக்கு ஒரு மூலம் கண்டுபிடித்து, அதை ஏன் நம்பினோம் என்று இரண்டு வரி எழுதித் தரட்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறையில், பிறர் எழுத்தோடு 10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றிருப்பதை, '10% வரை காப்பியடிக்கலாம்' என்றே பலர் சொல்லித் தருகிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்; பொய் மேற்கோள்களால் நிறைந்த கட்டுரை ஒப்புமைச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும் என்பதை வேண்டுமானால் சொல்லுங்கள்.

இனி ஆய்வு. 'வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா?' என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு வாங்கும் கருத்துப்படிவம் எதையும் நிரூபிக்காது. திறன் குறைந்தவர்களே தம்மை அதிகமாக மதிப்பிட்டுக்கொள்வது இத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்படும் விஷயம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்பதை அளக்க வேண்டும்.

60 பேரை ஒவ்வொரு துறைக்குள்ளும் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரியுங்கள். தமிழ் ஓர் அணி, வரலாறு ஓர் அணி என்று வைத்தால் வித்தியாசம் வகுப்பால் வந்ததா, துறையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. முதல் அணிக்கு இந்த வாரம் வகுப்பு, இரண்டாம் அணிக்கு அடுத்த வாரம்; இதற்கு இன்னொரு மணி நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இரண்டாம் வகுப்புக்கு முந்தைய நாள் 60 பேருக்கும் ஒரே 15 நிமிடப் பணி கொடுங்கள்: ஒரு தலைப்புக்கு மூன்று மூலம், ஒவ்வொன்றுக்கும் காரணம். சமர்ப்பிக்கும் நாளுக்குள் எல்லோருக்கும் வகுப்பு கிடைத்துவிடுவதால் யாருக்கும் அநியாயமில்லை. விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள் தாளைப் பகிர்ந்துகொள்வார்கள். அதனால் வகுப்புத் தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

ஒரு மூலத்துக்கு ஐந்து மதிப்பெண்: உண்மையில் இருக்கிறதா (0–1), தலைப்புக்குப் பொருந்துகிறதா (0–2), சரிபார்த்த தடம் தெரிகிறதா (0–2). மொத்தம் 15. பெயரையும் அணியையும் மறைத்து, முதலில் பத்துத் தாள்களை இருவர் தனித்தனியே திருத்துங்கள். இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா மதிப்பு 0.6க்குக் கீழே இருந்தால் அளவுகோலின் சொற்கள் தெளிவாக இல்லை என்று பொருள்; திருத்திவிட்டு வேறு பத்துத் தாளில் மறுபடி பாருங்கள். அணிகளை ஒப்பிட, இரு குழுக்களின் மதிப்பெண்களைத் தரவரிசைப்படி ஒப்பிடும் மான்–விட்னி என்ற புள்ளியியல் சோதனை போதும். அடுத்த அசைன்மென்ட்டின் பட்டியலையும் இதே அளவுகோலில் திருத்தினால், கற்றது நின்றதா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே வெளியிடுவது? யு.ஜி.சி. ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யு.ஜி.சி.-கேர் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. அதைக் காட்டி இதழ் விற்பவர்களை நம்பாதீர்கள். மாணவர் ஒப்புதலையும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தரவு சேர்ந்த பிறகு பின்தேதியிட்டு வாங்கிய அனுமதியை நல்ல இதழ் எதுவும் ஏற்காது.