ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் எப்படிப்பட்ட ஊர்? அதன் வரலாறு என்ன?

ஆர்மிடேலில் மேற்படிப்பு படித்தவன் நான். இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுவேன். தனி மாநிலம் ஒன்றுக்குத் தலைநகராக வேண்டும் என்று பல காலம் ஆசைப்பட்ட ஊர் இது. அது நடக்கவில்லை. ஆனால் அந்த ஆசையில் எழுப்பிய கல்வி நிலையங்கள்தான் இன்றும் ஊருக்குச் சோறு போடுகின்றன.

நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, நியூ இங்கிலாந்து பீடபூமியில், சுமார் 980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியாகப் போனால் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ஏறக்குறைய நடுவில். இது அனைவான் பழங்குடியினரின் மண். 1830களில் ஆட்டு மந்தைகளோடு வெள்ளையர்கள் மேலேறி வந்து மேய்ச்சலுக்காக அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1839இல் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற அரசு நில ஆணையர் இங்கே முகாம் அமைத்தார், அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. 1850களில் பக்கத்து ராக்கி ரிவரில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் கூடியது. 1883இல் ரயில் வந்தது.

தனி மாநிலக் கதைக்கு வருகிறேன். வரி வடக்கிலிருந்து போகிறது, செலவெல்லாம் சிட்னியில் நடக்கிறது என்ற குமுறல் இந்தப் பக்கத்தில் நெடுநாளாக உண்டு. 1920களில் அது பெரிய இயக்கமானது. பின்னாளில் சில நாட்கள் பிரதமராக இருந்த எர்ல் பேஜும், மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த டேவிட் டிரம்மண்டும் இதில் முக்கியமானவர்கள். டிரம்மண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடக்கு தன் காலில் நிற்க வேண்டுமானால் படிப்பு இங்கேயே கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் முயற்சியால் 1928இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் கட்டடம் எழுந்தது, பழைய சிறைச்சாலை இருந்த குன்றின்மேல்! ஹோவர்ட் ஹிண்டன் என்ற கலை ஆர்வலர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை அந்தக் கல்லூரிக்கே கொடுத்தார். ஆசிரியராகப் போகிற கிராமத்துப் பிள்ளைகள் தினமும் நல்ல ஓவியங்களுக்கு நடுவே நடமாட முடிந்தது.

அடுத்து, வைட் குடும்பத்தின் பூலூமின்பா மாளிகை நன்கொடையாகக் கிடைக்க, 1938இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் கிளையாக ஒரு கல்லூரி தொடங்கியது. 1954இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. ஆஸ்திரேலியாவில் தேசிய, மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே அமைந்த முதல் பல்கலைக்கழகம் அது. அடுத்த ஆண்டே அஞ்சல்வழிக் கல்வியும் தொடங்கிவிட்டது. தொலைவில் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் இருந்தவர்களுக்குப் பட்டப்படிப்பு கைக்கு எட்டியது அப்படித்தான்.

தனி மாநிலத்துக்கான வாக்கெடுப்பு 1967 ஏப்ரலில் நடந்தது. எல்லைக்குள் தொழில் நகரமான நியூகாசிலையும் சேர்த்திருந்தார்கள். பீடபூமி ஆதரித்தது, நியூகாசில் பெருவாரியாக எதிர்த்தது, சுமார் 54 சதவீதம் ‘வேண்டாம்’ என்று முடிந்தது. அந்த எல்லைக்கோடுதான் இயக்கத்தைத் தோற்கடித்தது என்பது என் கருத்து.

சரி, இப்போது ஊர் எப்படி? சுமார் 25 ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் இரண்டு பேராலயங்கள், விடுதியோடு கூடிய பழைய பள்ளிகள், பல்கலைக்கழகம். கடைவீதியில் பண்ணைக்காரரும் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். 2018 முதல் ஈராக், சிரியாவிலிருந்து வந்த, யசீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த அகதிக் குடும்பங்கள் பலவும் இங்கே குடியேறியிருக்கின்றன. குளிர்காலம் கடுமை, இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வீடுகளில் விறகு எரிப்பதால் புகை தாழ்வாகத் தங்கிவிடும், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் யோசித்துத்தான் வர வேண்டும்.

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் ஏப்ரல் கடைசியில் போங்கள், அங்கே அப்போது இலையுதிர்காலம். குடியேறிகள் நட்ட ஐரோப்பிய மரங்கள் தெருத்தெருவாக மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும். கென்டக்கி தெருவில் உள்ள கலைக்கூடத்தில் ஹிண்டன் கொடுத்த ஓவியங்கள் இருக்கின்றன. அதே தெருவில் பழங்குடிப் பண்பாட்டு மையமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், நேரமிருந்தால் மறுநாள் வொலொமம்பி அருவிக்குப் போய் வாருங்கள்.