சயாம் ரயிலும் கிராணி எழுதின லிஸ்ட்டும்

வணக்கம் ஐயா. ஜப்பான்காரன் ஆட்சியில சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் போன தோட்டத் தமிழர் கதையைச் சொல்ற உங்க சயாம் ரயில் நாவலை என் மகளுக்கு தினமும் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுக் காட்டினேன். அவளுக்கு 11 வயசு. காலரா வர்ற இடத்துல அழுவான்னு நெனச்சு நான் தயாரா இருந்தேன், அவ அதுக்கு முன்னாடியே, தோட்டத்து கிராணி, அதான் கணக்கப்பிள்ளை, ஜப்பான்காரனுக்கு ஆளுங்க பேர் எழுதிக் குடுக்கிற இடத்துலயே, "அவரும் தமிழர்தானேம்மா"ன்னு கேட்டுட்டு போதும்னு சொல்லிட்டா. ஜப்பான்காரன் செஞ்ச கொடுமைன்னு மட்டும் சொல்லியிருந்தா என்ன ஐயா? நம்ம ஆளையே ஏன் அப்படிக் காட்டணும்? மிச்சத்தை நான் தனியா வாசிச்சேன். அப்பாவும் திரும்பி வரல, அந்தப் பையனாவது ஏதாவது சாதிச்ச மாதிரி முடிச்சிருக்கலாமே. சின்னப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு வேணுமா?

ஒரு வாசகி, ஈப்போ

வணக்கம்மா. முதல்ல அந்த கிராணி விஷயம்.

உங்க மகளுக்கு அந்த இடம் உறுத்தினதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. வகுப்புல பேசினவங்க பேரை போர்டுல எழுதுற கிளாஸ் லீடரை பார்க்காத பிள்ளை கிடையாது, அவன் தன் ஃப்ரெண்ட் பேரை விட்டுட்டு யார் பேரை எழுதுவான்னும் எல்லா பிள்ளைக்கும் தெரியும். செத்தவங்களை எண்ணிச் சொன்னா பிள்ளைங்க மனசுல அது நம்பராத்தான் நிக்கும். ஓரவஞ்சனை அப்படி இல்ல, பெரியவங்களைவிட அவங்களுக்குத்தான் அது சட்டுனு பிடிபடும்.

அந்த நேரத்து நிலைமையையும் பாருங்க. 1941 டிசம்பர்ல மலாயாவுல கோத்தாபாருவுல ஜப்பான்காரன் இறங்கினான், 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தாச்சு. வெள்ளைக்கார துரைங்க தோட்டத்தை விட்டுட்டு ஓடிட்டாங்க, ரப்பர் வாங்க ஆள் இல்ல, சம்பளம் இல்ல, பர்மாவுலேருந்து வந்த அரிசியும் நின்னுபோச்சு, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அப்போ ஒருத்தன் வந்து சயாம்ல வேலை இருக்கு, மூணு மாசம்தான், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், அரிசியும் உண்டுன்னா போவாங்கதானே? முதல்ல போனவங்கள்ல நெறைய பேர் அப்படி நம்பிப் போனவங்கதான், சிலர் பொண்டாட்டி பிள்ளையோடயே போனாங்க. போனவங்க திரும்பலைன்னு தெரிஞ்ச பிறகுதான் ஆளைப் பிடிக்கிறது ஆரம்பிச்சது. தோட்டத்துக்கு இத்தனை பேர்னு கணக்கு, இலவசமா படம் காட்டுறேன்னு கூப்பிட்டு கதவைச் சாத்தி அப்படியே ரயில்ல ஏத்தினதும் நடந்திருக்கு. அந்தக் கணக்கை நிரப்பச் சொல்லி கிராணிகிட்டயும், கூலிங்களை மேய்க்கிற மண்டோர்கிட்டயும்தான் வந்து நின்னாங்க. குடுக்கலைன்னா அடி அவனுக்கு. என் நாவல்ல வர்ற கிராணி கெட்டவன் இல்லம்மா, பயந்தவன். ஆனா பயந்துபோய் உக்காந்து எழுதறப்பவும் தன் மச்சானை விட்டுட்டு, கேக்க நாதியில்லாத லயத்து (கூலிங்களோட வரிசை வீடு) ஆளுங்களா பார்த்துத்தான் எழுதறான். இதை எடுத்துட்டா ஜப்பான்காரனுக்கு எந்த லயத்துல யார் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சதுங்கிற கேள்விக்கு கதையில பதிலே இருக்காது.

இன்னொண்ணு, ஜப்பான்காரனை மட்டும் ராட்சசனா வச்சா அதே லயத்துலேருந்து நேதாஜியோட பெண்கள் படையான ஜான்சிராணி படைக்குப் போன அந்த அத்தையை என்ன செய்யறது? 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூர் வந்தாரு, தோட்டத்துப் பொண்ணுங்க எவ்வளவோ பேர் தோடு வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க, படையிலயும் சேர்ந்தாங்க, ஜப்பான்காரன் அவங்களுக்குக் கூட்டாளி. அக்டோபர் 17, சயாம் பக்கத்துலேருந்தும் பர்மா பக்கத்துலேருந்தும் போட்டுட்டு வந்த தண்டவாளம் ஒண்ணு சேருது, 415 கிலோமீட்டர். அக்டோபர் 21, சிங்கப்பூர்ல ஆசாத் ஹிந்த், அதாவது சுதந்திர இந்தியா, அரசாங்கத்தை நேதாஜி அறிவிக்கிறாரு. நாலே நாள் வித்தியாசம். அண்ணன் அங்க மண் சுமக்கிறான், தங்கச்சி இங்க துப்பாக்கி பிடிச்சுப் பழகுறா, ரெண்டுக்கும் பின்னாடி ஒரே ஜப்பான்காரன். இதை எனக்கே முழுசா விளங்க வைக்கத் தெரியாது, அதனால நாவல்லயும் விளக்கம் எதுவும் குடுக்காம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டேன். ஒரு விமர்சகர் இதை குழப்பம்னு எழுதினாரு, எழுதிட்டுப் போகட்டும்.

அந்தப் பையன் எதையாவது சாதிச்சிருக்கலாமேன்னு கேட்டிருந்தீங்க. இதைப் பதிப்பாளரும் கேட்டாரு, பையன் ராத்திரியில போய் பாலத்துல ஏதாவது பண்றான்னு வைங்க சார், பசங்க கை தட்டுவாங்கன்னாரு. தட்டுவாங்கதான். ஆனா ஒரு 12 வயசுப் பையன் மூளையை உபயோகிச்சு தன் அப்பாவை மீட்டுட்டான்னா மீதிப் பேரெல்லாம் மூளையில்லாம செத்தவங்கன்னு ஆயிடும், அந்த அர்த்தம் வர்ற மாதிரி எழுத என்னால முடியாது. ஆளுங்களை நான் கற்பனை பண்ணுவேன், அவங்க பேச்சு, சண்டை, பையன் ஒளிச்சு வச்ச வெல்லக்கட்டி எல்லாம் கற்பனைதான். நடக்காத விடுதலையை மட்டும் கற்பனை பண்ண மாட்டேன்.

நம்ம ஆளுங்க ஏன் இவ்வளவு பேர் செத்தாங்கங்கிறதுலதான் நான் அதிகம் உழைச்சேன், உங்க கடிதத்துல அந்தப் பகுதியைப் பத்தி ஒரு வரிகூட இல்லாதது கொஞ்சம் ஏமாற்றம்தான். அங்க வேலை செஞ்ச, ஜப்பான்காரன் பிடிச்ச வெள்ளைக்காரப் போர்க் கைதிங்க கிட்டத்தட்ட 60,000 பேர், செத்தது 12,000க்கு மேல. தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மாக்காரர்னு கூலியாப் போனவங்க ஏறக்குறைய ரெண்டு லட்சம் பேர், அதுல 80,000லேருந்து ஒரு லட்சம் வரைக்கும் செத்தாங்கன்னு சொல்றாங்க. கைதிங்க பட்டாளத்துக்காரங்க, அவங்களுக்குள்ளயே அதிகாரி இருந்தான், டாக்டர் இருந்தாரு, மருந்து இல்லாட்டியும் தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், கக்கூஸை இங்கதான் தோண்டணும்னு கட்டாயப்படுத்த ஆள் இருந்துச்சு. தோட்டத்து ஜனத்துக்கு அது எதுவுமே இல்ல. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்போ ஆத்துத் தண்ணியை அப்படியே குடிச்சாங்க, செத்தவங்களை எடுக்கக்கூட ஆள் இல்லாத முகாமெல்லாம் இருந்துச்சு. நாவல்ல தண்ணி கொதிக்க வைக்கிறதுக்கு ஒரு அத்தியாயமே போனது இதுக்குத்தான். காலரா அத்தியாயத்துல நான் எழுதாம விட்டதுதான் அதிகம், காலு அழுகினது, அதை வெட்டினது எதையும் வைக்கல, காலையில குடிசையில ஆள் குறையிறது மட்டும்தான் இருக்கு.

தாய்லாந்துல அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரியில கைதிங்க கல்லறை கிட்டத்தட்ட 7,000 இருக்கு, பெரும்பாலான கல்லுல பேரும் வயசும் செதுக்கியிருக்கு, புல்லை ஒழுங்கா வெட்டி வச்சிருக்காங்க. நம்மாளுங்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல்லு கிடையாது. என் நாவல்லயும் அந்த அப்பா பேர் காகிதத்துல வர்றது ஒரே ஒரு தடவைதான், கிராணி லிஸ்ட்டுல. அந்த இடத்தை எடுத்துட்டா அவர் பேர் எங்கயுமே இருக்காது.

பாப்பா இப்பவே படிச்சு முடிக்கணும்னு இல்லம்மா, ரெண்டு வருஷம் கழிச்சுகூட எடுக்கட்டும். இப்பவே திரும்ப ஆரம்பிச்சா காலரா வர்ற பதினோராவது அத்தியாயத்தை வேணும்னா தாண்டிடுங்க, கதை அறுந்துபோகாது. கிராணி அத்தியாயத்தை மட்டும் தாண்ட வேணாம். "அவரும் தமிழர்தானே"ன்னு கேட்டாளே, ஆமான்னு சொல்லுங்க.